நர்சிசோவின் படகில் ஏறிய பெண்

எல் நிடோ கடற்கரையில் நர்சிசோவை எல்லோரும் சிசோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் சிறகு கட்டிய அவன் படகின் முகப்பில் ‘தாலா’ என்று நீலத்தில் எழுதியிருக்கும். அது அவன் மகளின் பெயர். தினமும் காலையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்குப் போவான். பாறைகள் சூழ்ந்த பச்சைக் குளத்தில் நீந்தவிடுவான், தீவு மணலில் மீன் சுட்டுச் சோறு போடுவான், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவான். பேச்சு குறைவு. சிரிக்க வைக்கிற வேலையெல்லாம் சமையல்காரன் பெர்தோவுடையது.

சிசோவின் மனைவி லிகாயா, தாலா மழலை பேசிக்கொண்டிருந்த வயதில் துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதலில் தினமும் போன் வந்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பிறகு அந்த எண்ணும் இல்லாமல் போனது. யாரோ ஒரு ஆஸ்திரேலியாக்காரனோடு போய்விட்டாள் என்று ஊர் பேசியது. சிசோ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான்.

தாலாவுக்கு ஒன்பது வயதானபோது ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்தது. புவெர்தோவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனான். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. லிகாயாவின் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பினான். இலோய்லோ ஊரில் இருந்த அவள் அண்ணனிடமும் அவளுக்குத் தெரிவிக்கச் சொன்னான். பதிலே வரவில்லை. பெற்ற பிள்ளை செத்ததற்குக்கூட வராதவள் என்று அவன் மனம் அன்றோடு இறுகிவிட்டது.

அது நடந்து சில வருடங்கள் கழித்து, ஒரு மார்ச் மாதக் காலையில் முழங்கால் தண்ணீரில் நின்று பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒரு பெண் கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கியபோதே அவள் லிகாயா என்று தெரிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால், வெயிலில் சிவந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் ஏறினார். “குட் மார்னிங், கேப்டன்! நான் கிரெய்க். இவ என் மனைவி. உங்க படகுலதான் வரணும்னு டிக்கெட் ஆபீஸ்ல ஒத்தக்கால்ல நின்னா” என்றார்.

“உட்காருங்க சார்” என்றான் சிசோ. திரும்பிப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பப் போனான்.

தீவை அடைந்ததும் பயணிகள் நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கிரெய்க்கும் இறங்கினார். பெர்தோ மணலில் அடுப்பு மூட்டினான். லிகாயா மட்டும் படகிலேயே இருந்தாள். மெதுவாகப் பின்பக்கம் வந்தாள்.

“சிசோ.”

“என்ன வேணும் மேடம்?”

“மேடம்னு சொல்லாத.”

“பின்ன என்னன்னு கூப்பிடணும்? நீயே சொல்லு.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “திட்டு, அடி, என்ன வேணா செய். ஆனா எம்பொண்ணு எப்படி இருக்கா, அத மட்டும் சொல்லிடு. பதினாலு ஆயிருக்குமே? தூர நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். அவகிட்டப் பேசக்கூட மாட்டேன்.”

சிசோ அவள் முகத்தையே பார்த்தான். இவளுக்குத் தெரியவே தெரியாது. அண்ணன்காரன் சொல்லவில்லை, செய்தியும் போய்ச் சேரவில்லை. இத்தனை வருடம் சேர்த்துவைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“நல்லா இருக்கா” என்றான். “புவெர்தோவுல தங்கிப் படிக்கிறா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே கேட்டாள். “உசரமா இருக்காளா?”

“என் தோளுக்கு வருவா.”

“படிப்பு?”

“கணக்குதான் வராது. வாத்தியாரம்மா என்னக் கூப்பிட்டுத் திட்டுது.”

“அது உன் புத்தி” என்று சொல்லிச் சிரித்தாள். “நீ இன்னும் குடிக்கிறியா?”

“விடமாட்டேங்கிறா. போன்லயே மோப்பம் புடிச்சிடுவா.”

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. தாலா தோழிகளோடு சண்டை போட்டாள், பாட்டுப் பாடினாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து அப்பனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதில் நின்றுபோனவள் அந்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு வரை மளமளவென்று வளர்ந்தாள். சொல்கிறவனுக்கும் அவள் எங்கோ ஒரு விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது.

சாப்பாட்டு வேளையில் லிகாயா கையாலேயே சுட்ட மீனைப் பிய்த்துக் காடியில் தோய்த்துச் சாப்பிட்டாள். “மேடம் நம்ம ஊர்க்காரங்கதான், சந்தேகமே இல்ல. அண்ணே, தலையக்கூட விடலியே!” என்று பெர்தோ கிண்டல் செய்தான். கிரெய்க் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல” என்றார்.

மாலையில் கரை வந்தது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். லிகாயா கடைசியாக இறங்கித் தண்ணீரிலேயே நின்றாள்.

“எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லு, சிசோ. நாளைக்கே போறோம். கேட் வெளியதான் நிப்பேன். சத்தியமா.”

அதற்குமேல் அவனிடம் பொய் இல்லை.

“லிகாயா… அவ இல்ல. போயிட்டா. டெங்கு. அஞ்சு வருஷமாச்சு.”

அவள் அப்படியே அலையில் உட்கார்ந்தாள். தொப்பி மிதந்து போனது. அவளிடமிருந்து வந்த சத்தத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். கிரெய்க் செருப்போடு தண்ணீருக்குள் ஓடிவந்தார்.

மறுநாள் விடிந்ததும் சிசோ கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். வருவாள் என்று தெரியும். வந்தாள். கிரெய்க் வெளிக்கதவோடு நின்றுவிட்டார். இரவில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

லிகாயா தாலாவின் வெள்ளைச் சிமெண்டுக் கல்லறைமேல் கையை வைத்தாள்.

“கடைசில என்னையக் கேட்டாளா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நேற்றுச் சொன்னதே போதும் என்றிருந்தது அவனுக்கு.

“இல்ல. தண்ணிதான் கேட்டா. வயித்துல ரத்தம் கசியுது, குடுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். நான் குடுக்கல.”

முகம் கோணியது அவனுக்கு. அவள் அவன் கையைப் பிடிக்கப் போய், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

“நேத்து சொன்னதுல எதுவாச்சும் நெசமா, சிசோ?”

“பாட்டு. அது நெசம். காலைல எந்திரிச்சதுமே ஆரம்பிச்சிடுவா. ராகமே சேராது.”

வெளியே வந்தபோது கிரெய்க் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். சிசோவைப் பார்த்துத் தலை குனிந்தார். சிசோவும் குனிந்தான். அவர்கள் அன்றைக்கே ஊரைவிட்டுப் போனார்கள்.

சிசோ கடற்கரைக்குப் போனபோது பயணிகள் வெயிலில் காத்திருந்து கடுகடுப்பாக இருந்தார்கள். பெர்தோ ஏதேதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தான். பாறைகள் சூழ்ந்த குளத்தில் அவர்கள் சிறு துடுப்புப் படகுகளில் கலைந்துபோன பிறகு, சிசோ எஞ்சினை அணைத்தான். மகளைப் புதைத்த அன்றுகூட அழாதவனுக்கு இப்போது அழுகை வெடித்தது.

“அண்ணே, என்னண்ணே?” என்று பெர்தோ ஓடிவந்தான்.

சிசோ முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பெர்தோ பக்கத்தில் உட்கார்ந்தான். பயணிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள்.