மோட்டார் போடுவது யார்?

இரவில் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்: இருட்டினபிறகு எந்தச் சத்தம் கேட்டாலும், இது வேலையா ஆபத்தா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

கூரையில் ஆள்

அன்று கேட்டது ஆபத்துப் பக்கம்தான். தலைக்குமேலே யாரோ எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல நீண்ட சரசரப்பு, பிறகு ஒரு 'தொம்'. நோர்வேயில், ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் கடைசித் தட்டில் இருந்தோம். எங்களுக்கு மேலே கூரைதான். பல் முளைக்கிற வயதில் இருந்த மகள் அசையாமல் நித்திரை. என் கணவருக்கு விமானத்தில் போகிற தூரத்தில் ஸ்தவாங்கரில் வேலை, வெள்ளி இரவுதான் வருவார், அன்று வந்திருந்தார். போர்வைக்குள் இருந்தபடியே அவரை எழுப்பி, கூரையில் ஆள் நடக்கிறான் என்று குசுகுசுத்தேன்.

அவர் கொட்டாவி விட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். "பனி சறுக்கி விழுந்திருக்குதப்பா. இந்தக் குளிருக்கை கள்ளன் கூரையிலை ஏன் நிக்கப்போறான்? உள்ளை வந்து தேத்தண்ணியெல்லோ கேட்டிருப்பான்!"

பத்துப் பேர் சொன்ன ரிவர்ஸ்

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவில் ஓர் ஆய்வு நிலையம். ஆண்கள் துபாய், சிங்கப்பூர், திருப்பூர் என்று புறப்பட்டுப் போனபிறகு வயலில் பெண்களின் வேலை எப்படி மாறுகிறது என்று பல நாடுகளில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நேபாளத்துக்கு ஒருத்தி, எத்தியோப்பியாவுக்கு ஒருத்தி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு நான். நான் ஒரு வயலையும் மிதிக்கவில்லை. ஒரு தோளில் பிள்ளை, மறு தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி. இப்படி வேலை செய்த தாய்மாரே, உங்களுக்கும் அந்தக் கழுத்துப் பிடிப்பு இன்னும் போயிருக்காது.

பூங்கோதை என்றொருவர், மைத்துனர் திருப்பூருக்குப் போனதும் பவர் டில்லர் ஓட்டப் பழகியவர். "முதல் நாள் ஊர் ஆண்கள் என்ன சொன்னார்கள்?" என்று பள்ளிக்கூடத் தமிழில் கேட்டேன். வரப்பில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்களாம். "முன்னாடி பள்ளம் கெடக்குன்னு ஒருத்தன் வாயத் தொறக்கலம்மா. உள்ள எறங்குனப்பறம் பத்துப் பேரு ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடுங்கிறான்!"

சிஸ்டரின் வேலை

நான் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தவள். இரவுச் செபம் முடிந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது சிஸ்டரின் வேலை. அந்த 'டக்' கேட்டால்தான் எங்களுக்குக் கண் சொருகும். கலியாணத்துக்குப் பிறகு அது இவருடைய வேலை ஆனது. இவர் ஸ்தவாங்கருக்குப் போனதும் அது ஒருவருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்டது. தள்ளுவண்டி, பிள்ளை, பை என்று உள்ளே வருகிற நேரத்தில் ஞாபகம் வராது. விளக்கை அணைத்துப் படுத்தபிறகு வரும். அப்போது வாசல் நடையின் மறு கோடிக்கு இருட்டில் போக வேண்டும், விளக்குச் சுவிட்சும் அந்தக் கதவுப் பக்கத்தில்தான். கதவைப் பூட்டப் பயம், பூட்டாமல் படுக்கவும் பயம். சிரிக்காதீர்கள், உங்களிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை இது இவருக்குத் தெரியவந்தது. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஸ்தவாங்கருக்கு வரச் சொன்னார். எனக்கு இந்த வேலையில் உயிர். விடமாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கூடச் சுட்டது. "உலகத்துப் பொம்பிளையள் என்னென்ன துணிஞ்சு செய்யினம் எண்டு நீர் எழுதிறீர். ஆனால் உம்மடை கதவைப் பூட்ட நான் விமானத்திலையெல்லோ வரவேண்டிக் கிடக்கு!"

மிஸ்டு கால் செல்வமணி

இப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கிறோம். சின்னவன் நித்திரையான பிறகு இதை எழுதுகிறேன். இந்த வீட்டிலும் இரவில் சத்தங்கள் உண்டு, நானும் இன்னும் திடுக்கிடுகிறேன். ஆனால் ஒருதரம் அடித்து நின்றுபோகிற தொலைபேசிச் சத்தம் மட்டும் இல்லை. அதைத்தான் தேடுகிறேன்.

செல்வமணியும் நான் விசாரித்த பெண்களில் ஒருவர், கணவருக்குத் துபாயில் கட்டட வேலை. அவர்கள் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் விடிவதற்கு வெகு முன்னால்தான் வரும். அங்கே அந்த நேரம் என்றால் இங்கே நாங்கள் படுக்கப்போகிற நேரம். செல்வமணி மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், நான் அலுவலகச் செலவில் திருப்பி அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் என் பேச்சைக் கேட்டு "கேரளாங்களா?" என்றார். யாழ்ப்பாணம் என்றதும், "எதுவோ, பேச்சு டீச்சர் மாதிரியே இருக்கு" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார். கேள்விகள் சீக்கிரமே முடிந்துபோயின. மிஸ்டு கால் மட்டும் நிற்கவில்லை. நேற்று ஒன்று விட்டுப்போச்சு என்று தொடங்கி, உரம், நாற்றைத் தின்ற ஆடு, கொழுந்தன் பெண்டாட்டியின் புதுச் சேலை எல்லாம் சொல்வார். எவ்வளவு பொறுப்பான பெண் என்று நான் பூரித்துப்போய் எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாள் மூச்சு இரைக்கிறதே, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நிக்கல டீச்சர், நடக்குறேன். நீங்க அடுத்தத கேளுங்க, சும்மா இருக்காதீங்க!"

கோட் இல்லாத பதில்

கேள்வித்தாளைத் தயாரித்தவர் ரேவதி, கோயம்புத்தூர்க்காரர், எங்கள் ஆய்வாளர். எல்லாப் பதிலுக்கும் ஒரு எண் கொடுத்துக் கணினியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. அந்த எண்ணுக்குப் பெயர் கோட். என் 'எண்டு', 'கதைச்சனான்' எல்லாம் அவருக்கு ஸ்வீட்டாம். எனக்கு அவருடைய பாதி ஆங்கிலம் விளங்க நேரம் எடுக்கும். முதல் கட்டம் முடிகிறது, அடுத்த கட்டம் முழுக்க இரவு அழைப்புகள், இருப்பீர்களா, ஸ்தவாங்கருக்குப் போய்விடுவீர்களா என்று அந்த வாரம் கேட்டார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு, 'மோட்டார் போடுவது யார்?' என்ற கேள்விக்குக் கீழே, இருட்டில் போகப் பயமா என்றும் ஒன்று சேர்க்கலாமே என்றேன்.

ரேவதி பேனையைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். "குட் கொஸ்டின்தாங்க. ஆனா பயத்துக்கு நம்மகிட்ட கோட் இல்லையே... 'மற்றவை'ல போட்டுடுங்க."

மதகு வரைக்கும்

வியாழக்கிழமை இரவு செல்வமணியிடம் விடைபெற்றேன். ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி, கேள்விகள் முடிந்துவிட்டன, இனி அழைக்கத் தேவையில்லை என்று சிஸ்டர்மார் பழக்கிய தமிழில் சொன்னேன். அந்தப் பக்கம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, செல்வமணி குரலை உயர்த்தினார்.

"அப்ப நான் மோட்டாருக்கு எப்படிப் போறது டீச்சர்?"

எனக்கு விளங்கவில்லை. மெல்லச் சொன்னார். கணவர் ஊரில் இருந்தவரை மோட்டார் போட்டது அவர்தான். இருட்டில் வாய்க்கால் மதகைத் தாண்டும்வரை செல்வமணிக்கு உயிரே இருக்காது. காதில் ஒரு குரல் இருந்தால் கால் தானாகப் போகும். அதற்குத்தான் இத்தனை மிஸ்டு கால். ஆடும் சேலையும் அதற்குத்தான்.

இவ்வளவு நாளும் நான் யாருக்கும் என் வாயால் சொல்லாததை அப்போது சொன்னேன். எனக்கும் பயம், அந்த அழைப்புக்காகத்தான் நானும் விழித்திருக்கிறேன், வாசல் கதவு இப்போதும் பூட்டாமல்தான் கிடக்கிறது, நாளைக்கு வேலைக்கு ஓம் சொல்லவா வேண்டாமா தெரியவில்லை என்றேன். செல்வமணி சிரித்த சிரிப்பில் தவளைகள் அடங்கிவிட்டன. "வீட்டுக்குள்ளேயேவா டீச்சர்? சேறு இல்ல, மதகு இல்ல, அதுக்கா?" பிறகு சிரிப்பை விட்டார். "சரி, நான் மதகத் தாண்டுற வரைக்கும் நீங்க பேசுங்க. அப்பறம் நீங்க நடங்க, நான் பேசறேன்."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. பனியைப் பற்றி, மகளின் முதல் பல்லைப் பற்றி. 'தாண்டியாச்சு' என்றார், மோட்டார் உறுமித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. இப்போது என் முறை. கம்பியில்லாத் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நடையில் இறங்கினேன். தள்ளுவண்டியில் முட்டினேன், நின்றேன், மறுபடி நடந்தேன். மோட்டார் சத்தத்துக்கு மேலாக அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

"என்ன டீச்சர், இன்னுமா போய்ச் சேரல? உங்க வீட்டு நடை எங்க வரப்பவிட நீளமா?"

பெண்களின் வேலை எப்படி மாறுகிறது என்று கண்டம்விட்டுக் கண்டம் விசாரித்துச் சம்பளம் வாங்கிய நான், கேள்விகள் எல்லாம் முடிந்த அன்றுதான், ரேவதிக்கு ஓம் சொன்ன வெள்ளிக்கு முதல் நாள் இரவில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி அதட்ட அதட்ட, என் வீட்டுக் கதவுக்கு என் கையாலேயே உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.