வேணி மிஸ்ஸும் கல்லூரிக்குப் போன பிள்ளைகளும்

பெரம்பலூர் டவுனில் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறாள் வேணி. அவளிடம் படித்த பெண் எவளும் பிளஸ் டூவோடு வீட்டில் முடங்கியதில்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. ரிசல்ட் வந்த கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "கல்யாணம் எங்கங்க ஓடிப்போவுது? புள்ள படிக்கட்டும்" என்று தகப்பன்மாரோடு மல்லுக்கு நிற்பாள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் காத்துக் கிடப்பாள். கலந்தாய்வுக்குத் தானே கூட்டிக்கொண்டு போவாள்.

"வண்டியில பின்னாடி ஒக்கார எனக்கு எப்பதான் எடம் கிடைக்கும்?" என்று கேலி பண்ணுவான் கணவன் கலையரசன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் அவனுக்கு வேலை.

வேணி பிறந்தது உடையார்பாளையத்துக்கு அருகே. அப்பா அம்மா இருவரும் முந்திரிக் காட்டில் கூலி வேலை. அந்தத் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான்; சாப்பிடாமல் கிடந்து, அழுது, அடம்பிடித்துப் போனாள். கல்லூரி வாசல் வரைக்கும் போய்ச் சேருவதுதான் கஷ்டம், அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன்னால், தீபாவளிக்குச் சேலை எடுக்கக் கடைக்குப் போனாள். அடுக்கிலிருந்து சேலைகளை உருவிப் போட்டுக்கொண்டிருந்த பெண் அவளைக் கண்டதும் சட்டென்று திரும்பிக்கொண்டாள். ஆளை அடையாளம் காண வேணிக்கு அந்த முதுகே போதுமானதாக இருந்தது. வகுப்பில் முதல் பெஞ்சு பிரவீணா. வேதியியலில் சதம் அடித்தவள். வேணியே கொண்டுபோய் பி.எஸ்சி. வேதியியலில் சேர்த்துவிட்டவள்.

"லீவுல வேலைக்கு வந்திருக்கியாம்மா?"

"இல்ல மிஸ். நின்னுட்டேன்."

"எப்ப?"

"மொத செமஸ்டரோட."

கணக்குப் பார்த்தால் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் இந்தப் பெண் கல்லூரியில் இருப்பதாகத்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தபோது வேணிக்கு முகம் சுண்டிப்போனது. சேலை எடுக்காமலே திரும்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனாள். பிரவீணாவின் அம்மா செங்கமலம் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்ப்பவள். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். ஆனால் பேச்சில் பிடி கொடுக்கவில்லை.

"நீங்க நல்லதுக்குத்தான் சேத்துவுட்டீங்க மிஸ். நான் இல்லங்கல. ஆனா காலேஜுக்குப் போன நாள்லேர்ந்து எம்பொண்ணு தல குனிஞ்சேதான் வூட்டுக்கு வந்தா. இப்ப கடையில நாலு பேருகிட்ட சிரிச்சுப் பேசுறா. எனக்கு இது போதுங்க."

வேணி பிரவீணாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள். "பணக் கஷ்டமா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல மிஸ். எனக்குப் புரியல, அவ்ளோதான். எல்லாம் இங்கிலீஷ். மத்தவங்க எழுதுறாங்க, நான் கரும்பலகையையே பாத்துட்டு இருப்பேன். ஈக்விலிப்ரியம், ஈக்விலிப்ரியம்னு ஒரு மாசம் நடத்துனாங்க. கடைசி வரைக்கும் அது என்னன்னே தெரியல. நாலு பேப்பர் போயிடுச்சு."

"ஈக்விலிப்ரியம்னா வேதிச்சமநிலைம்மா."

பிரவீணா அப்படியே பார்த்தாள். "அதுவா?" என்றாள். பிறகு, "அது எனக்குத் தெரியுமே மிஸ்" என்றாள். அதுவரை திடமாகப் பேசிக்கொண்டிருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் வேணி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். அந்த இங்கிலீஷ் வார்த்தை தமிழ்வழிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அடைப்புக்குறிக்குள். "அடைப்புக்குள்ள இருக்கிறத வுட்டுடுங்க, பரீட்சைக்கு வராது" என்று சொல்லிக்கொடுத்தவள் அவளேதான்.

மறுநாள் முதல் பழைய பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். சிலர் சந்தோஷமாகப் பேசினார்கள். சிலர் எடுக்கவே இல்லை. எடுக்காதவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது. ஜெயசுதா என்ற பெண்ணைத் தேடித் திருமழபாடி வரைக்கும் போனாள். அங்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்து நின்ற ஜெயசுதா, "இனிமே எங்க மிஸ்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இருந்திருந்தால்கூட வேணிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியை பொன்னுத்தாயிடம் போய், கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தைத் திறந்துவிடும்படி கேட்டாள்.

"இங்க படிக்கிறதுங்கள பாக்கவே நேரம் பத்தல. போனதுங்களுக்கு நாம என்ன பண்றது?" என்றார் அவர்.

"போனதுங்க திரும்பி வந்துடுதே மேடம். அது நம்ம கணக்குலயே வர மாட்டேங்குது."

பொன்னுத்தாய் சாவியைக் கொடுத்தார்.

முதல் சில வாரங்கள் நாலைந்து பேர்தான் வந்தார்கள். கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிப்பவர்களை முதல் வருஷக்காரர்களோடு உட்கார வைத்தாள் வேணி. அரியர் வைத்தவர்கள் வெட்கப்படாமல் அதைச் சொல்லப் பழகவே ஒரு பருவம் ஆனது. பிளஸ் டூ வகுப்பில் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு மொழியிலும் சத்தமாகச் சொல்ல வைத்தாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள்.

பிரவீணாவைப் படிக்க வா என்று அவள் கூப்பிடவில்லை. "ஒனக்குப் புரியாத வார்த்தையெல்லாம் எதுன்னு இந்தப் புள்ளைங்ககிட்ட வந்து சொல்லு. ஒருநாள் போதும்" என்றுதான் கேட்டாள். கடைக்கு விடுமுறை விட்ட ஒரு சனிக்கிழமை பிரவீணா வந்தாள். ஆய்வக மேஜையோரம் நின்று, தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அக்கா, அப்ப நீங்க யார்கிட்டயும் கேக்கலையா?" என்றாள்.

"கேட்டா முட்டாள்னு நெனப்பாங்கன்னு பயந்தேன். கேக்காததாலதான் முட்டாளா வெளிய வந்தேன்."

அதற்குப் பிறகும் அவள் உடனே மனம் மாறிவிடவில்லை. பொங்கல் வந்தது, போனது. மாசியில் ஒருநாள் அவளே போன் பண்ணி, "திரும்பச் சேர முடியுமா மிஸ்?" என்று கேட்டாள். கல்லூரியில் வேதியியல் துறைத்தலைவர் செல்லதுரை நல்ல மனிதர். மறுசேர்க்கைக்கு வழி சொன்னார், ஆனால் முதல் வருஷத்திலிருந்துதான் என்றார். பிரவீணா தன்னைவிட இளையவர்களோடு உட்கார வேண்டும். செங்கமலம் ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. பிறகு, "போறதுன்னா இந்த வாட்டி முடிச்சுட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

முடித்தாள். சுலபமாக இல்லை. கணக்கில் ஒரு பேப்பர் மூன்று தடவை போனது. மூன்றாம் முறை போனபோது ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டு, வேணி கொண்டுவந்திருந்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே பாடத்தை எடுத்து உட்கார்ந்தாள். இப்போது பி.எட். படிக்கிறாள்.

வேணியின் பெருமை மட்டும் பழையபடி இல்லை. எல்லாரும் முடிப்பதில்லை, இந்த வருஷமும் இரண்டு பேர் நின்றார்கள். பள்ளி ஆண்டு விழாவில், கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச அவளை மேடைக்கு அழைத்தார்கள். "சேந்தவங்களப் பத்தி மூணு வருசம் கழிச்சு சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

கல்லூரி திறந்த அன்று காலை, அவள் வகுப்புக்குள் நுழையும் நேரம், போன் அடித்தது. புதிதாகச் சேர்ந்த பெண்.

"மிஸ், பஸ் மாறி ஏறிட்டேன். பாடாலூர் வந்துட்டேன்."

"அழுவாத. எறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. பஸ் வர்ற வரைக்கும் பேசிட்டே இரு" என்றாள் வேணி. வகுப்புப் பிள்ளைகளைப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வராண்டாவில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள்.