கண்ணாடிக்காரரின் பச்சை வண்டி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் கடலோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. கணுக்கால் நனைந்தால் சளி பிடிக்கும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையிலேயே நின்று பழகியவர். ஓட்டியதெல்லாம் ஒரு ஸ்கூட்டர். கார் ஓட்டும் லைசென்ஸ் இருபது வருடமாக அவருடைய பர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர் கடற்கரை மணலில் ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினார் என்றால் அதற்குக் காரணம் கடல் இல்லை. சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் அந்தச் சகலை. துறைமுகத்தில் கிரேன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் புதிதாக ஒரு பெரிய வண்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அலையோரமாக ஓட்டிப் படம் எடுத்து, குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அனுப்பினார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அந்தப் படங்களை மறுபடியும் காட்டிவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது அண்ணே. நீங்க கடையில நிம்மதியா உக்காந்திருக்கிற ஆளு" என்றார்.

சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். கேட்டவர் காதில்தான் அது வேறு மாதிரி விழுந்தது. அன்று மதியம் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று மாதம் கடைக்கு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பார்வை சோதிக்கும் இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே, புது வண்டிகள் ஏன் தகரம், பழைய வண்டிகள் ஏன் இரும்பு என்று விளக்கம் ஆரம்பிப்பார். வாடிக்கையாளர் எழுந்து ஓடவும் முடியாது. எதிரே ஒன்றும் தெரியாது. ஒரு பாட்டனி வாத்தியார், "எழுத்து தெரியுது சார், எல்லாமே தெரியுது, கழட்டுங்க" என்று பொய் சொல்லித் தப்பித்து, தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார்.

வண்டி பார்க்கப் போகும்போது தெரு முனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போனார். குட்டையான மனிதர் அவர். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு வார்த்தை செலவழிக்க மாட்டார். முதலில் பார்த்தது ஒரு நில அளவையாளரின் வண்டி. வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம், கதவில் ஒரு நசுங்கல், கிழிந்த சீட்டு. மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கத் தட்டிப் பார்த்தார். டிங், டிங் என்று மணியடித்த மாதிரி கேட்டது. வெளியே வந்து ஓட்டினார். லோ கியரைப் போட்டு ஒரு மேட்டில் ஏற்றி இறக்கினார்.

"இதை எடுங்க" என்றார்.

"இதையா? இது பாக்கவே சவ ஊர்வலத்துல இருந்து திரும்பி வந்த மாதிரி இருக்கே?"

"அடி சுத்தமா இருக்கு."

"அடியை யார் பாக்கப் போறாங்க?"

மெக்கானிக் சாக்கை மடித்துக்கொண்டார்.

இரண்டாவது வண்டி பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. மாமரத்தில் புதுசாக ஒரு கிளி உட்கார்ந்த மாதிரிப் பச்சை. விற்கிறவர் கதவைத் திறந்தால் உள்ளே வாசனை, ஸ்டியரிங்கில் தோல் உறை, ஊரையே எழுப்புகிற ஹார்ன். கண்ணாடிக்காரர் அதை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். அத்தோடு தீர்ந்தது. மெக்கானிக் அடியில் படுத்துத் தட்டினார். இந்தத் தடவை டிங் இல்லை, ஈரச் சுவரைத் தட்டின மாதிரி டொப்பு டொப்பென்று கேட்டது. தலைமுடியில் துரு உதிர எழுந்து வந்தார்.

"அடியில புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

"பாத்தீங்களா, எவ்வளவு அக்கறையா வச்சிருக்காரு!"

"எதை மறைக்க அடிச்சாங்கன்னு யோசிங்க."

ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர் யோசிக்கவில்லை. பச்சை வண்டி அன்று மாலையே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளின் வயிற்றுவலிக் கடிதங்களைப் படித்துப் பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்னங்க, இவ்வளவு பளபளன்னு இருக்கிறதை எதுக்கு விக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் ஹார்னிலேயே வந்தது.

பிறகு அலங்காரம் ஆரம்பித்தது. மேலே சாமான் வைக்க ஒரு கம்பிக் கூடை, அதன் நெற்றியில் வரிசையாக ஆறு விளக்கு. ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சு விடுவதற்காகப் பக்கவாட்டில் மேலே போகும் ஒரு கறுப்புக் குழாய். தெரு அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தது. அந்த ஊருக்கு ஐம்பது மைல் சுற்றுவட்டாரத்தில் ஆறே கிடையாது. முன் பம்பரில், இரும்புக் கயிறு சுற்றிய ஒரு வின்ச்.

"இது எதுக்கு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"மாட்டிக்கிட்டா, கயிறை எதுலயாவது கட்டி வண்டி தன்னைத் தானே இழுத்துக்கும்."

"கடற்கரையில எதுல கட்டுவீங்க? அலையிலயா?"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. மெக்கானிக் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: மண்வெட்டி ஒன்று, டயரில் காற்று பார்க்கிற மீட்டர் ஒன்று, காற்றடிக்கிற பம்ப் ஒன்று, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு. "இவ்வளவுதான் வேணும். மணல்ல இறங்கும் முன்னாடி டயர்ல பாதிக் காத்தை எறக்கணும். அப்புறம், இது பழைய வண்டி. உள்ள இருக்கிற ஃபோர் வீல் லிவரைப் போட்டா மட்டும் போதாது. கீழ இறங்கி, முன் சக்கரம் ரெண்டுலயும் நடுவுல இருக்கிற இந்தக் குமிழைத் திருகினாத்தான் முன்னாடி சக்கரம் இழுக்கும்."

யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான். "மண்வெட்டியா? நான் என்ன கிணறு தோண்டவா போறேன்?" என்று அந்தச் சீட்டை மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டார். காற்றை இறக்குவதா? டயர் கம்பீரமாக நிற்க வேண்டாமா? பெட்ரோல் பங்க்கில் சொல்லி இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். குமிழ் விஷயம் காதில் ஏறவே இல்லை. வரிசை விளக்குகளைத் துடைப்பதில் கவனமாக இருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி மட்டும் குனிந்து அந்தக் குமிழைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கடற்கரைக்குப் போயின. தார் ரோடு முடிகிற இடத்தில் சகலை வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குத்த வைத்து உட்கார்ந்து உஸ்ஸென்று காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, புது வண்டி, அதுக்குள்ள நாலும் பஞ்சரா?"

சகலை வாயைத் திறப்பதற்குள் ஹார்னை நீளமாக அடித்துவிட்டு மணலில் இறங்கிவிட்டார். முதல் நூறு அடி ராஜ நடை. ஈர மணல் கெட்டியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கடல் பிடித்திருந்தது. சகலை வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார். கையும் கூடவே திரும்பியது. வண்டி மாவு மாதிரி இருந்த காய்ந்த மணலுக்குள் நுழைந்து, ஒரு முனகலோடு நின்றது.

"மிதிக்காதீங்க" என்றார் மனைவி.

மிதித்தார். பின் சக்கரம் இரண்டும் மணலை வாரி வானத்தில் இறைத்தன. முன் சக்கரங்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி சும்மா இருந்தன. மறுபடி மிதித்தார். வண்டி முன்னே போகவில்லை, கீழே போயிற்று. மூன்றாவது மிதியில் பின் அச்சு மணலில் உட்கார்ந்தது. அதற்குள் சகலையின் மகள் பின்னாலேயே வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "பெரியப்பா, இன்னொரு தடவை மிதிங்க. இப்ப வெளிச்சம் சரியா விழலை."

ஜாக்கியை எடுத்தார். பலகை இல்லாததால் வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் மணலுக்குள் போய் மறைந்தது. வின்ச் கயிற்றை இழுத்துக்கொண்டு முப்பது அடி நடந்தார். மரமில்லை, பாறையில்லை, ஒரு முளைக்குச்சிகூட இல்லை. கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். சகலையின் மகள் செல்போனை அவர் பக்கம் திருப்பினாள். அவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அலை ஏறிக்கொண்டு வந்தது. முதலில் வண்டியிலிருந்து இருபது அடி, பிறகு பத்து.

"அண்ணே, நான் முன்னாடி இருந்து இழுத்துப் பாக்கறேன்" என்று சகலை ஒரு தடித்த கயிற்றைக் கொண்டுவந்தார். "காத்து எறக்கிட்டு இழுத்தா இன்னும் சுலபம்."

"காத்தெல்லாம் வேண்டாம். இது இரும்பு வண்டி. சும்மா இழுங்க தம்பி!"

பம்பரில் கயிற்றைக் கட்டினார்கள். சகலை மெதுவாகத்தான் இழுத்தார். படாரென்று ஒரு சத்தம். சகலையின் வண்டி சுலபமாக முன்னே போயிற்று. கூடவே பம்பர், பம்பரோடு வின்ச், வின்ச்சோடு நம்பர் பிளேட். பச்சை வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பம்பர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அதிலிருந்து பிஸ்கட் தூள் மாதிரி துரு கொட்டியது. பளபளப்பான கறுப்பு பெயிண்ட் ஒரு தோலாகத் தொங்கியது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் மாட்டினார். காட்சி மாறவில்லை.

அப்போது அவர் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கைப்பையிலிருந்து அந்தப் பென்சில் சீட்டை எடுத்து ஒரு தரம் படித்தார். "தம்பி, உங்க மண்வெட்டியையும் மீட்டரையும் குடுங்க" என்றார். நாலு டயரிலும் காற்றைப் பாதியாக்கினார். முன் சக்கரங்களின் நடுவில் இருந்த குமிழ் இரண்டையும் கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். பிறகு மண்வெட்டியைக் கணவர் கையில் கொடுத்து, சக்கரங்களுக்குப் பின்னால் விரல் நீட்டினார். கண்ணாடிக்காரர் தோண்டினார். கால்மணி நேரம் தோண்டினார். நனைந்த சட்டையோடு, மண்டியிட்டு, கையாலும் தோண்டினார். அலை வந்து பின் டயரை நக்கியபோது மனைவி சொன்னார்:

"இப்ப ஏறுங்க. லோ கியர்ல பின்னாடி எடுங்க. மெதுவா. மிதிச்சீங்கன்னா நான் தங்கச்சியோட வண்டியில வீட்டுக்குப் போயிடுவேன்."

நாலு சக்கரமும் ஒன்றாக ஒரு தரம் அசைந்தன. வண்டி ஒரு கிழட்டு எருமை சேற்றிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி நிதானமாக, வந்த தடத்திலேயே பின்னோக்கி ஏறிக் கெட்டி மணலுக்கு வந்து நின்றது. யாரும் இழுக்கவில்லை. எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர் மீசையில் நிஜமாகவே ஒரு கைப்பிடி மணல் இருந்தது. அதோடுதான் இறங்கி வந்து, "நான் சொன்னேன்ல, இரும்பு வண்டின்னு" என்றார். சகலை நல்ல மனிதர். கடல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் மெக்கானிக் சாக்கை விரித்தார். இந்தத் தடவை தான் படுக்கவில்லை. கண்ணாடிக்காரரைப் படுக்கச் சொல்லி, கையில் விளக்கையும் சுத்தியலையும் கொடுத்தார். அவர் தட்டினார். டொப்பு. இன்னோர் இடத்தில் தட்டினார். சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. கடைசியில் அடியிலிருந்து, "அந்தச் சாம்பல் வண்டி இன்னும் இருக்குமா?" என்று ஒரு குரல் கேட்டது.

"போன வாரமே போயிடுச்சு."

பச்சை வண்டி இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தது. தும்பிக்கை, விளக்குகள், வின்ச் எல்லாவற்றையும் மனைவி விற்றார். வாங்குவதற்கு ஊரில் ஆளா இல்லை, எல்லாக் குடும்பத்திலும் ஒரு சகலை இருக்கிறார். அந்தப் பணத்தில் சேசிஸில் புது இரும்பு வைத்து வெல்டிங் அடித்தார்கள். கண்ணாடிக்காரர் கடையை மதியம் பூட்டிவிட்டு வந்து விளக்குப் பிடித்தார். நடுவில் இரண்டு மூன்று தடவை வெல்டிங் பற்றி மெக்கானிக்குக்கே விளக்கம் சொல்லப் பார்த்தார். மெக்கானிக் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

இப்போது மாதத்துக்கு ஒரு தரம், வெயில் ஏறுவதற்கு முன்பே, புருஷனும் பெண்டாட்டியும் கடற்கரைக்குப் போகிறார்கள். படம் எடுக்க யாரும் இல்லை. போன தடவை ஒரு மீன்பிடிக்காரர் வந்து ஜன்னலைத் தட்டினார். "அண்ணே, படகை மேல ஏத்தணும். கொஞ்சம் இழுத்து விடறீங்களா?" லோ கியரில் படகு எறும்பு வேகத்தில் மேலே வந்தது. ஒரு பையில் இரண்டு மீன் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு வரும் வரைக்கும் அந்தப் பை கண்ணாடிக்காரரின் மடியில்தான் இருந்தது, வண்டியை மனைவி ஓட்டினார். "பாத்தியா? அவ்வளவு பெரிய கடற்கரையில நம்மகிட்ட வந்து கேக்கறான். ஓட்டற விதத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கு."

"அங்க வேற வண்டியே இல்லீங்க" என்றார் மனைவி.

அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மீனைச் சமையலறையில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, வாசலில் சாக்கை விரித்து, தண்ணீர்க் குழாயோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். உப்புத் தண்ணீர் முகத்திலேயே சொட்டியது. ஒரு மணி நேரம் கழுவினார்.