“இந்த முறை ஆருக்கு?” – உப்புவெளியில் ஒரு பங்குச் சமையல்

காலை ஆறு மணிக்கு வவுனியாவில் ஏறிய பஸ், ஹொரவப்பொத்தானையில் ஒரு பிளேன்ரீ குடிக்க நின்று, வெயில் உறைக்கத் தொடங்கிய நேரத்தில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. நிலாவெளியில் கடல் குளித்துவிட்டு மாலையே திரும்புவதுதான் என் திட்டம். அதற்கு முன் வயிற்றைக் கவனிக்க வேண்டியிருந்தது.

நல்ல மீன்சோறு எங்கே கிடைக்கும் என்று பஸ் நிலையத்தில் நின்ற ஓட்டோக்காரர் ரஞ்சனிடம் கேட்டேன். பின் இருக்கையில் கிடந்த பெரிய பூசணிக்காயை ஓரமாகத் தள்ளி எனக்கு இடம் செய்தார்.

“ஏறுங்கோ. இண்டைக்கு நேசண்ணையின்ர கடையிலதான் சாப்பிடவேணும். பங்குச் சமையல். இந்தப் பூசணிதான் என்ர பங்கு.”

உப்புவெளி அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். வழியில் ரஞ்சன் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். நேசன் என்பவர் கடற்கரை வீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பல வருடங்களுக்கு முன், அயலில் ஒரு மீனவரின் மகளுக்குக் கொழும்பில் இருதய சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்பனை முழுவதும் அந்தப் பிள்ளைக்கு என்று நேசன் கடை வாசலில் எழுதி வைத்தார். அதைக் கேள்விப்பட்ட மீனவர்கள் அன்றைய மீனைக் காசு வாங்காமல் இறக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளை சுகமாகி வந்துவிட்டாள்.

“கதை அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அடுத்த வருசமும் அதே நாளில ஆக்கள் மீனோட வந்து நிண்டிட்டினம். ‘இந்த முறை ஆருக்கு?’ எண்டு கேக்கினம். அண்ணை ஒரு யோசினையும் வைச்சிருக்கேல்லை. பிறகென்ன, ஆள் தேடிப் பிடிச்சுக் குடுத்தார்.”

அதன் பிறகு கேள்வி ஒரு வருடமும் நிற்கவில்லையாம்.

நாங்கள் போய் இறங்கியபோது கடையில் சமைக்கும் குசினி இருந்த இடத்தில் இடிந்த சுவர்தான் நின்றது. போன மாரிக் காற்றில் தென்னை முறிந்து கூரையோடு எல்லாவற்றையும் நசுக்கிவிட்டதாம். அடுப்புகள் முற்றத்தில், தறப்பாள் பந்தலின் கீழ் எரிந்தன. ஒரு பக்கம் பெண்கள் சூரை மீன் வெட்டினார்கள்; மறுபக்கம் ஆண்கள் தேங்காய் துருவினார்கள். கடற்கரையில் பட்டம் விடும் போட்டி நடந்தது. வாசலில் ஒரு பெரிய சருவம், மூடியில் ஒரு துவாரத்தோடு. சாப்பிட்டவர்கள் இயன்ற காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எவரும் பார்ப்பதில்லை.

மத்தியானம் யாருக்கு உதவி என்று ஒலிபெருக்கியில் சொல்வது நேசனின் வழக்கம். இம்முறை அவர் எழும்புவதற்குள் மீனவர் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்.

“இந்த முறை நேசண்ணையின்ர குசினிக்கு!”

கைதட்டல் எழுந்தது. நேசன் மட்டும் முகம் சிவந்து எழுந்து நின்றார். ஐம்பது கடந்தவர்; நரைத்த மீசை, தோளில் துவாய்.

“உது சரிவராது. எனக்குக் கை கால் இருக்கு, நான் உழைச்சுக் கட்டுவன். ஏலாத ஆருக்கும் குடுங்கோ.”

கைதட்டல் நின்றுவிட்டது. கரண்டியோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். இவ்வளவு சமைத்த பிறகு விருந்து இப்படியே கலைந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்போது தயிர்ச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். கிண்ணியாவிலிருந்து வந்த நசீமா அவர். முன்பொரு வருடம் அவருடைய கணவரின் கால் சிகிச்சைக்கு இதே சருவத்தின் காசுதான் போனது என்று ரஞ்சன் என் காதில் சொன்னார்.

“அண்ணன், அண்டைக்கு நீங்க தந்ததை நான் வாங்கினன். அதில என்ட மானம் போகல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். போனதெண்டு இப்ப சொல்றீங்களா?”

நேசன் துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “ஐயோ தங்கச்சி, நான் அப்பிடிச் சொல்லேல்லையே” என்றார்.

“அப்ப சாப்பிட இருங்க.”

நேசனின் மனைவி இலையை விரித்தார். எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை ஒரு கவளமும் தொடாத மனிதராம் அவர். அன்று முதல் பந்தியில், எனக்கு இரண்டு இலை தள்ளி, சப்பணம் கட்டி அமர்ந்தார். நசீமாவே சோறு போட்டார். மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்த நேசன் சற்று நேரம் மென்றார்.

“புளி காணாது” என்றார்.

முற்றமே சிரித்தது. அதற்குப் பிறகு பந்தி மேல் பந்தியாக ஓடியது. எனக்கு நான்கு பிள்ளைகளின் பட்டங்களுக்கு நடுவராக இருக்கும் வேலை கிடைத்தது. நிலாவெளிக்குப் போகவேயில்லை.

எங்கள் ஊரிலும் அன்னதானங்கள் குறைவில்லை. கொடுத்தவர் பெயர் பலகையில் இருக்கும். அவர் வாசலில் நின்று கும்பிடுவார், நாங்கள் வயிறு நிறைந்து வீடு திரும்புவோம். கொடுத்தவரைப் பிடித்து இருத்திச் சோறு போட வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

பின்னேர பஸ்ஸுக்கு ரஞ்சனே ஏற்றி வந்தார். கூலி வாங்க மறுத்தவர், நான் பஸ் படியில் கால் வைத்ததும் கூப்பிட்டார்.

“விருந்தாளி எண்டு ஒருக்காத்தான் விடுவம். அடுத்த முறை வெறுங்கையோட வரேலாது.”

“எங்கட வளவில ரெண்டு தென்னை நிக்குது” என்றேன்.

“அப்ப தேங்காய்ப்பால் சொதி உங்கட பொறுப்பு.”