ரோடா கொடுத்த பால்

சிட்னியின் சர்ரி ஹில்ஸில் ஹனோரா டலன் குடியிருந்த சந்தில், ஜனவரிக் கோடை வெயில் ஏறினால் சின்னச் சவப்பெட்டிகள் கிளம்ப ஆரம்பித்துவிடும். அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு. கணவன் கப்பலேறிப் போனவன், போனவன்தான். மூன்றாவது பிள்ளை லெஸ்லி பிறந்த பதினோராம் நாளே அவள் சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க வரும் நர்ஸ் மிஸ் கிளேட்டன், குழந்தை நலச் சங்கம் அச்சடித்த அறிவுரைக் காகிதத்தை நீட்டினாள்.

"தாய்ப்பால்தான் கொடுக்கணும். மூணு மணி நேரத்துக்கொரு தடவை."

"பகல் பூரா இஸ்திரி மேசையில நிக்கிறேன், நர்சம்மா. மாரைக் கழட்டி வீட்டுல வச்சுட்டா போக முடியும்?"

"அப்போ பசும்பாலைக் காய்ச்சி, ஐஸ்ல வச்சுக் குடுங்க."

"ஐஸா? இந்தச் சந்துலயா?" ஹனோரா சிரித்துவிட்டாள். மிஸ் கிளேட்டனுக்கு அது பிடிக்கவில்லை.

காய்ச்சித்தான் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் பால் திரிந்துவிடும். டிசம்பரில் லெஸ்லிக்கும் வயிறு போக ஆரம்பித்து, கண்கள் குழிவிழுந்தன. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு ரோடா பர்விஸ் தன் பெண் குழந்தையைப் புதைத்திருந்தாள். பால் கட்டி, சட்டை நனைந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் லெஸ்லியின் முனகலைக் கேட்டு எழுந்து வந்தாள்.

"அவனை இங்க குடுடி."

"ரோடா, உனக்கு எப்படி மனசு..."

"மனசைப் பத்திப் பேசாத. குடு."

ஏழு மாதம் அவள் மடியில் வளர்ந்தான். தொடையில் மடிப்பு விழுந்தது, பல்லும் முளைத்தது.

ஆகஸ்டில் குழந்தை நலச் சங்கத்துச் சீமாட்டிகள் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு, ஒரு வருஷத்துக்குச் சுத்தமான பாலும் ஐஸும். பரிசு லெஸ்லிக்கு. மேடையேறும்போது மிஸ் கிளேட்டன் ஹனோராவின் காதோடு சொன்னாள்: "இன்னொருத்தி பால்னு வாயைத் திறந்தா பரிசு கிடையாது."

"நம்ம அறிவுரையை ஒரு வரி விடாம பின்பற்றின தாய் இவங்க!" என்று சங்கத்தலைவி ஹனோராவின் கையைத் தூக்கிப் பிடித்தாள். "அப்படித்தானே, மிஸஸ் டலன்?"

மூன்றாவது வரிசையில் ரோடா இருந்தாள். லெஸ்லியின் கவுனைக் காலையில் தேய்த்துக் கொடுத்தவளே அவள்தான். ஹனோராவின் கண்முன் நின்றது வரப்போகும் வெயில் மட்டும்.

"ஆமாங்க," என்றாள். மண்டபம் கைதட்டியது.

சாயங்காலம் ரோடாவின் கதவைத் தட்டினாள். "வர்ற பால்ல பாதி உனக்குடி."

"எனக்கெதுக்கு? குடிக்க யாரு இருக்கா?" ரோடாவின் குரல் உயரவில்லை. "கேட்டிருந்தா, பொய் சொல்லுன்னு நானே சொல்லியிருப்பேன். நீ என் முகத்தைக்கூடப் பாக்கலையே."

அதன் பிறகு லெஸ்லி அந்த வாசலுக்குத் தவழ்ந்து போனால், ரோடா தூக்கி வந்து இந்தப் பக்கம் விட்டுவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கோடைக்கு முன்பே சந்தைவிட்டே போய்விட்டாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. கோடையில் சந்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. லெஸ்லி பிழைத்தான். சங்கத்தின் புதிய காகிதத்தில் அவன் படம் அச்சாயிற்று.

ஆண்டுதோறும் ஹனோராவை மேடைக்கு அழைத்தார்கள். மூன்றாம் வருஷம் அவள், "என் புள்ளைக்குப் பால் குடுத்தது ரோடா பர்விஸ்," என்றாள்.

கூட்டத்தில் யாருக்கும் ரோடா யாரென்று தெரியவில்லை. அடுத்த வருஷம் வேறொரு தாயைக் கூப்பிட்டார்கள்.