பாலத்தடியில் கதவில்லாத வாசல்

யோனாஸ் ரெட்லிக்குக்குப் பேரன் பிறந்த சேதி எங்கள் யூதத் தெரு முழுக்கப் பரவிய பிறகுதான் அவர் காதில் விழுந்தது. அன்று ஓய்வுநாள். ஜெபாலயத்து முற்றத்தில் நின்று, வெள்ளத்தில் மிதந்துபோன மரத்தடிகளைத் தாயா ஆற்றில் குதித்துத் தனியாளாகக் கரை சேர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் முன்பே கேட்டவர்கள். மனைவி ரேஸி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சொன்னாள்.

"என் பேரன்னா அழுகைச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டிருக்கணுமே" என்றார்.

"கேட்டிருக்கும். உங்க சத்தம் ஓஞ்சாத்தானே அடுத்தவங்க சத்தம் காதுல ஏறும்."

பெருமை பேசுகிற மனிதர்தான். ஆனால் பேசுவதற்கு அவரிடம் சரக்கும் இருந்தது. தண்ணீர் சுமந்து பிழைத்தவரின் மகன். எழுதப் படிக்கத் தெரிந்ததெல்லாம் ஜெபப் புத்தகத்தின் அளவுக்குத்தான். தெப்பத்திலிருந்து தடி இறக்கும் கூலியாகத் தொடங்கி, கரையோரம் தன் பெயரில் மரவாடி வைத்தார். சுற்றுவட்டாரத்தில் ஒரு கூரை நிமிர்ந்து நின்றால், "நம்ம மரச்சட்டம்" என்பார். சரிந்து விழுந்தால், "என்கிட்ட மரம் வாங்கியிருக்க மாட்டான்" என்பார்.

பேரன் பிறந்ததும் அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் முன்தோல் நீக்கும் விருத்தசேதனச் சடங்கு ஜெபாலயத்தில், அந்தப் பலகை இருக்கையில் நடக்க வேண்டும்.

அந்த இருக்கையின் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். பழைய பேரரசர் காலத்தில் யூதத் தெருவைச் சுற்றி மதில். பாலத்தடியில் ஒரே வாசல், அதற்கு ஓக் மரக் கதவு. பொழுது சாய்ந்ததும் ஊர்க்காவலன் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போய்விடுவான். யூதர்கள் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்று சட்டம் மாறிய அன்று, யோனாஸின் தாத்தா அவிக்டோர் முதல் கோடாலியை அந்தக் கதவின்மேல் போட்டார். உடைத்த பலகைகளை அடுப்புக்குக் கொடுக்காமல், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருக்கையாகச் செய்து ஜெபாலயத்துச் சுவரோடு பதித்துவிட்டார். ஒரு பக்கம் எலியா தீர்க்கதரிசிக்கு, காலியாக இருக்கும். மறுபக்கம் பிள்ளையை மடியில் ஏந்துகிறவருக்கு. யோனாஸ் பிறந்த வருஷம் வீட்டில் வறுமை; ஒரு துணிதுவைக்கும் அறையிலேயே சடங்கு முடிந்தது. மகன் எமில் பிறந்தபோது ஜெபாலயத்துக்குள் வெள்ளம். தாத்தா செய்த இருக்கையில் ரெட்லிக் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இதுவரை படுத்ததில்லை.

எட்டாம் நாளும் ஓய்வுநாளில்தான் வந்தது. அதில் சிக்கல் ஒன்றுமில்லை, சடங்கு தள்ளிப்போகாது. பிள்ளையைத் தெருவில் தூக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல். ஓய்வுநாளில் வீட்டைத் தாண்டி எதையும் சுமக்கக் கூடாது, கைக்குழந்தை உட்பட. தெரு முழுவதும் அடைப்புக்குள் இருந்தால் அது ஒரே வீடு மாதிரி, சுமக்கலாம். எங்கள் தெருவுக்குப் பழைய மதில் இருந்தது. கதவு போன இடத்தில் இரண்டு கம்பம் நட்டு, மேலே ஒரு கம்பி இழுத்திருந்தோம். கம்பம் இரண்டும் நிலைக்கால், கம்பி மேல்சட்டம். அது வாசல் என்று கணக்கு. அடைத்து வைக்க வந்த மதிலே பிறகு எங்களுக்கு வசதியாகிப் போனது.

பெரிய போர் முடிந்தது. பேரரசு போய்க் குடியரசு வந்தது. நேற்றுவரை அக்கரையில் வாத்து வாங்கிவந்த பாலத்தின் நடுவே ஒரு நாட்டெல்லை முளைத்தது. பேரன் பிறந்த அந்த வாரமே, செவ்வாய்க்கிழமை, சுங்கக் காவலர்கள் வந்து கம்பியை வெட்டி, கம்பங்களையும் பிடுங்கிப் போட்டார்கள்.

யோனாஸ் சுங்க அதிகாரி வோண்ட்ராக்கிடம் போனார். உள்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர். பாலத்தடியில் ஒரு மரக் கொட்டகையும் சதா ஈரமான பூட்சும்தான் அவருடைய அரசாங்கம்.

"ஐயா, அது எங்க ஓய்வுநாள் கம்பி."

"எல்லை ஓரத்துல எந்தக் கம்பியும் கூடாது. அக்கரைக்குச் சேதி அனுப்புறாங்கன்னு மேலிடத்துக்குப் பயம்."

"அதுல சேதி போகாதுய்யா. அதுல எதுவுமே போகாது."

"எதுவும் போகாத கம்பி உங்களுக்கு எதுக்கு? தலைநகரத்துக்கு எழுதிக் கேளுங்க. வசந்தத்துக்குள்ள பதில் வந்துடும்."

வீட்டில் ஆளாளுக்கு யோசனை. வெள்ளிக்கிழமை வெளிச்சத்திலேயே பிள்ளையை ஜெபாலயத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்றான் எமில். அவன் மனைவி ஹெர்மினா படுக்கையிலிருந்தே கேட்டாள்:

"நவம்பர் குளிர்ல, அடுப்பில்லாத கல்லு மண்டபத்துல, ராத்திரி முழுக்க என் பிள்ளையா? உங்க அப்பா போய் முதல்ல படுத்துப் பாக்கட்டும்."

"இங்கயே கூடத்துல வச்சுக்கலாமே" என்றாள் ரேஸி. "தரையைத் தேச்சு விட்டிருக்கேன்."

யோனாஸ் வாயிலிருந்து ஒரு பெருமைகூட வராததைப் பார்த்து, ரேஸி உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை எங்கள் மதகுரு ரப்பி ஃபெயில்போகனிடம் போனார்.

"கம்பிதான் வேணுமா ரப்பி? மரம் ஆகாதா?"

"தாராளமா ஆகும். ரெண்டு நிலைக்கால், மேல ஒரு சட்டம். ஆனா யோனாஸ், அந்தச் சட்டத்தை எப்படி..."

"போதும் ரப்பி. மரத்தைப் பத்தி எனக்கா?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நேராகச் சுங்கக் கொட்டகை. அதிகாரி பாலத்தடியில் குறுக்கே போட ஒற்றைக் கழி ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். யோனாஸ் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஏன்யா, ஒரு நாட்டுக்குள்ள நுழையற இடம் இது. மாட்டுப்பட்டிக்கு வைக்கிற மாதிரி ஒத்தைக் கழியா? அக்கரைக்காரன் சிரிப்பான். ஓக்குல ரெண்டு தூண், மேல ஒரு சட்டம், உச்சியில உங்க கொடி. மரம் என்னோட அன்பளிப்பு."

வோண்ட்ராக் கழியைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார். ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை தெருவே வேடிக்கை பார்க்கத் திரண்டது. வாத்து வியாபாரி லேசர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"தாத்தா வாசலை உடைச்சார். பேரன் வாசல் கட்டறான். நல்ல குடும்பம்."

"தாத்தா உடைச்சது கதவை. இதுல கதவு எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு எவனாவது வந்து மாட்டினா?"

"மாட்டினா, கோடாலி எங்க வீட்டுலதான் இருக்கு."

ஆனாலும் அந்த வார்த்தை யோனாஸைக் குத்தியது. பழைய கதவின் கீல் பொருந்தியிருந்த கல் மதிலில் அப்படியே இருந்தது. அதில் இவருடைய தூண் உராயாதபடி ஒரு சாண் தள்ளித்தான் குழி தோண்டச் சொன்னார். ஏனென்று எமில் கேட்டதற்கு மண் இளகல் என்றார். மண் கருங்கல்லாக இருந்தது.

தூண்கள் நின்றன. சட்டத்தைத் தூண்களின் பக்கவாட்டில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, முடுக்கி என்கிற இரும்புத் திருகாணி போட்டு இறுக்கினார். ஒரு தூணின் உச்சியில் கொடிக்கம்பம் சொருகத் துளை. யானை வந்து இடித்தாலும் அசையாது என்றார். எங்கள் ஊருக்கு யானை வந்ததில்லை. ஆனால் வந்திருந்தாலும் அசைந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மதியம் ரப்பி பார்வையிட வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"என்ன ரப்பி, கழுத்து வலிக்குதா? நம்ம வேலை அப்படி, பாத்துக்கிட்டே இருக்கத் தோணும்."

"ரொம்பப் பலமா இருக்கு யோனாஸ். ஆனா இது செல்லாது."

"என்ன செல்லாது?"

"சட்டம் தூணோட தலைமேல உக்காரணும். பக்கத்துல ஒட்டியிருந்தா வாசல் ஆகாது. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

"ரப்பி, இந்த முடுக்கி..."

"பலம் கணக்கே இல்லப்பா. தலைமேல போனா ஒரு நூலு போதும். பக்கத்துல இருந்தா ஓக் மரமும் பத்தாது."

லேசர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூட இல்லை. அது இன்னும் மோசம்.

வெயில் மதிலின் பாதிக்கு இறங்கியிருந்தது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. சட்டத்தைக் கழற்றித் தூக்கி வைக்க வேண்டுமென்றால் கொடிக்கம்பம் பெயர வேண்டும். காலையில்தான் காவலர்கள் அணிவகுத்துக் கொடியேற்றியிருந்தார்கள். அதிகாரியிடம் சொல்லாமல் முடியாது. முடுக்கி தளர்ந்துவிட்டது, பனி வந்தால் சட்டம் விழும் என்று சொல்லலாம் என்றான் எமில். யோனாஸ் தன் வேலையை அண்ணாந்து பார்த்தார். தளர்ந்ததாம். அந்தப் பொய்யைவிட உண்மையே மேல் என்று பட்டது அவருக்கு.

கொட்டகைக்குள் போய்த் தொப்பியைக் கழற்றினார். அறுபது வயசுவரை வாயில் வராத வார்த்தை வந்தது.

"ஐயா, நான் தப்பாக் கட்டிட்டேன்."

வோண்ட்ராக் வெளியே வந்து பார்த்தார். "நேராத்தானே நிக்குது?"

"உங்களுக்கு நேரு. எங்க வேதத்துக்குக் கோணல்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கம்பி, பேரன், இருக்கை, தலைமேல் உட்கார வேண்டிய சட்டம்.

அதிகாரியின் முகம் சிவந்தது. "அப்போ என் நாட்டு வாசலை உங்க வீட்டு வாசலாக்கிட்டீங்க."

"ஆமாய்யா."

"அந்தச் சட்டத்தை இவ்வளவு மேல ஏத்தினா, இந்த வெறும் காத்து அடைப்பு ஆயிடுமா?"

"ஆயிடும்."

"யாரு கண்ணுக்கும் தெரியாதே."

"தெரியாது. நாங்க ஒத்துக்கிட்டா இருக்கும்."

வோண்ட்ராக் பாலத்தின் நடுப்பகுதியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பலகையும் பலகைக்கு நடுவே ஓடும் தண்ணீரும்தான் தெரிந்தன. தினமும் அவர் காவல் காக்கும் கோடு அங்கேதான் எங்கோ இருந்தது.

"என் வேலையும் கிட்டத்தட்ட அதுதான்" என்றார். அப்புறம் காவலர்களைக் கூப்பிட்டார். "கொடியை இறக்குங்க. மரியாதையா, மடிச்சு. ரிப்பேர் வேலை."

யோனாஸ் கோட்டைக் கழற்றி மதிலில் போட்டார். ஏணியில் அவரே ஏறினார். மறுபுறம் எமில். நடுவில் சட்டத்தைத் தோளில் தாங்க ஆள் போதவில்லை. லேசர் வாத்துக் கூண்டைக் கீழே வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

"மெதுவாடா, மேல இருக்கறது கிழவன்" என்று எமிலைப் பார்த்துக் கத்தினார்.

"கிழவன் யாருடா? பிடிடா கெட்டியா."

சட்டம் இரண்டு தூண்களின் தலைமேலும் உட்கார்ந்தது. துளை போட்டுக் கொடிக்கம்பத்தைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். ரப்பி கீழிருந்து தலையை ஆட்டினார். ரேஸி வீட்டு ஜன்னலில் ஓய்வுநாள் மெழுகுவத்தி ஏற்றக் கை நீட்டியிருந்தாள்.

மறுநாள் காலையில் எமில் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தெரு நடுவே தூக்கிக்கொண்டு வந்தான். யோனாஸ் தாத்தாவின் பலகையில் உட்கார்ந்து மடியை விரித்தார். பக்கத்து இடம் எலியாவுக்காகக் காலியாக இருந்தது. பிள்ளைக்கு அவிக்டோர் என்று பெயர் வைத்தார்கள். அவன் அழுத அழுகை பாலம்வரை கேட்டது என்று வோண்ட்ராக்கே பிறகு சொன்னார்.

அந்த வாசலைக் கட்டியது யார் என்று வெளியூர்க்காரர் எவராவது கேட்டால் யோனாஸ் இன்றும் நெஞ்சை நிமிர்த்துவார்.

"நான்தான். அதுவும் ரெண்டு தடவை. இந்த ஜில்லாவுலயே ஒரே வாசலை ரெண்டு தடவை கட்டினவன் வேற எவனாவது இருந்தா கூட்டிட்டு வாங்க."