எண்ணெய்க் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு

பாரிசில் ரூ காய் தெருவில் நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடையில் போன கிழமை ஆயுத பூசை. தராசு, பில் அடிக்கிற மெசின், தேங்காய் துருவுகிற மெசின், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். கடைக்காரத் தம்பி, குளிர்ப்பெட்டியின் குளிரளவு காட்டும் வட்டக் கண்ணாடியிலும் பொட்டு வைக்கப் போனார்.

"தம்பி, அதிலை வேண்டாம். பக்கத்திலை வையுங்கோ."

"ஏன் அண்ணை, நடுவிலை வைச்சால்தானே வடிவு" என்று சிரித்தார். நானும் ஒரு காலத்தில் அப்படி வடிவு பார்த்தவன்தான்.

சந்தன மணத்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வருமாம். எனக்குக் கருகிய துணி மணக்கிறது.

பாரிசுக்கு வந்து நான் முதலில் வேலை செய்தது ஸ்தேன் என்ற புறநகரில், துணி வெளுக்கிற ஒரு பெரிய லோன்றியில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து இறங்கும். அவற்றைத் தேய்க்க ஓர் அறை நீளத்துக்கு மெசின். சுற்றுகிற உருளைகள், கீழே கொதிக்கிற இரும்புத் தட்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பெரியவர்'. பெரியவருக்குக் கோபம் வந்தால் அன்றைய வேலை நாசம்.

உருளைகளைச் சுழற்றும் பற்சக்கரங்கள் ஒரு பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். பெட்டியின் முகப்பில் சின்ன வட்டக் கண்ணாடி. திங்கட்கிழமை தோறும் அதில் எண்ணெய் பாதிக்கு மேலே தெரிகிறதா என்று பார்த்து, தாளில் சரி போட்டு ஒப்பம் வைப்பது என் பொறுப்பு. ஒரு நிமிட வேலை. ஆமென்று சொல்ல 'வுய்' என்பதைத் தவிர பிரெஞ்சில் எதுவும் தெரியாத எனக்கு அந்த ஒப்பமே பெரிய உத்தியோகம்.

மெசினின் மற்றப் பக்கத்தில் நின்றவர் ராசன் அண்ணை. அந்த வருடக் கடைசியில் அவருக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் கிடைக்க இருந்தது. அது கையில் வந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட பேப்பர் போடலாம். மகளின் படத்தைத் தன் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்.

அந்த வருடம் தமிழ்ப் பொடியள் எல்லோரும் சேர்ந்து மெசின்களுக்குப் பூசை செய்தோம். எங்கள் மேலாளரான பிரெஞ்சு ஷெஃப் அவலும் கடலையும் தின்றுவிட்டுக் கைதட்டினார். பெரியவருக்கு நெற்றி எங்கே என்று தேடினேன். வட்டக் கண்ணாடிதான் கண்ணில் பட்டது. தாராளமாக அப்பினேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கண்ணாடி தெரியவில்லை. பூசையில் வைத்ததை அழிக்க மனம் வரவில்லை. இவ்வளவு நாளும் சரியாகத்தானே இருந்தது என்று சரி போட்டேன். அடுத்த திங்களும் போட்டேன். பிறகு கை தானாகவே போட்டது. அடியில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது ஒருவருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளி மத்தியானம் பெட்டிக்குள் கல் அரைபடுகிற மாதிரிச் சத்தம். உருளைகள் நின்றுவிட்டன. தட்டில் அகப்பட்ட விரிப்பு புகையத் தொடங்கியது. தீப்பிடித்துவிடும் என்று ராசன் அண்ணை காப்புத் தகட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டு இழுத்தார். அவர் போட்ட கூச்சலை எழுத எனக்கு வராது.

எல்லோரும் அவரைத் தண்ணீர்க் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைக் கையால் பொட்டைத் துடைத்தேன். நினைக்க இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதற்குப் பிறகுதான் அவரோடு ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

கட்டுப் போட்ட கையோடு கிடந்தவர் என் சட்டையைப் பார்த்தார்.

"சட்டைக் கையிலை சந்தனம் கிடக்கு. கழுவிப்போட்டு வா."

கழுவிப்போட்டு வந்தேன்.

மறுநாள் ஷெஃப் என் ஒப்பங்கள் இருந்த தாளைக் காட்டி, எல்லா வாரமும் பார்த்தாயா என்று சைகையோடு கேட்டார். "வுய்" என்றேன்.

காப்புத் தகட்டைத் தூக்கியது ராசன் அண்ணையின் பிழை என்று விபத்து அறிக்கையில் எழுதினார்கள். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. மனைவியும் மகளும் வந்து சேர மேலும் நாலு வருடம் ஆனது.

அந்த லோன்றி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பெரியவரை எந்த இரும்புக் கடைக்கு ஏற்றினார்களோ. ராசன் அண்ணையும் போன மாரியில் ஓல்னே என்ற புறநகரில் காலமாகிவிட்டார். செத்த வீட்டில் அவர் மகள் என்னிடம் வந்து, அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி சொல்வார், கை எரிந்த அன்றைக்கு ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இப்போது எனக்கு எவ்வளவோ பிரெஞ்சு தெரியும். "வுய்" என்றேன்.